மூச்சு விடாத வர்ணம்

“மூச்சு விட ஒரு எடம் கொடும் வேய்! உயிரு போவுது!” என்று புல்லாங்குழலைக் கீழே வைத்தார் கோலப்பன்.

சேஷன் என்ன செய்வார், பாவம்! அது வீணை வர்ணம். வீணைக்கு மூச்சு வாங்குமா?

தப்பென்னவோ சேஷனுடையதுதான். பரணிலிருந்து அவர் இறக்கிய அண்டா, மனைவி லலிதாம்பாளின் வீணைமேல் இறங்கிவிட்டது. ரிப்பேருக்கு எடுத்துப்போன தச்சர் யோசுவா, கேட்டபோதெல்லாம் “நாளெ, சாரே” என்றார்.

லலிதாம்பாள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. “கல்யாணமானதுலேருந்து சரஸ்வதி பூஜைக்கு நான் வாசிக்காம இருந்ததில்லே” என்று மட்டும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சேஷனால் அதைத் தாங்க முடியவில்லை.

அவர் ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தா. கச்சேரி என்றதும் பாட்டை நினைக்க வேண்டாம். ஃபைல் கட்டும் சர்க்கார் கச்சேரி. அங்கே தம்மைப்போல் குழல் ஊதத் தெரிந்த கோலப்பன் முதலிய மூன்று பேரைக் கரமனையிலிருந்த தம் வீட்டுக்கு இழுத்துவந்தார். லலிதாம்பாளின் வர்ணத்தையே நாலு குழலுக்கு அமைத்துப் பூஜையன்று வாசிப்பதாக ஏற்பாடு.

“ஒருத்தர் மூச்சு விடறச்சே மத்தவா ஊதணும்” என்றார் சேஷன்.

நால்வரும் மரியாதைக்காரர்கள். அடுத்தவர் ஊதுவார் என்று நம்பி, எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு விட்டார்கள்.

காலைத் தட்டிக் கணக்கு வைக்கச் சொன்னார். நாலு கால், நாலு தாளம். எதிர்வீட்டுத் தொட்டில் குழந்தை அலறியது.

“லலிதா, இந்த இடத்தை வீணையிலே எப்படி இழுப்பே? பாடு.”

பாடினாள்.

“இன்னொரு தரம்.”

தினமும் ஆபீஸ் விட்டதும் நேரே வந்து அவள் எதிரே உட்கார்ந்துவிடுவார். அவள் பாடப் பாட நுணுக்கங்கள் கூடின. குழல்காரர்கள் பாடு இன்னும் திண்டாட்டமாயிற்று.

பூஜையன்று, பாதி வர்ணத்தில் கோலப்பன் தலை சுற்றிச் சுண்டல் பாத்திரத்தின்மேல் சாய்ந்தார். மற்றவர்கள் பதறி எழுந்தார்கள். வர்ணம் அதோடு நின்றது.

சேஷனுக்கு அழுகையே வந்துவிட்டது. “மன்னிச்சுக்கோ லலிதா, பூஜையைக் கெடுத்துட்டேன். எல்லாம் அந்த யோசுவாவாலே வந்தது!”

பிரசாதத்துக்கு வாசலில் நின்றிருந்த யோசுவாவுக்கு அது பொறுக்கவில்லை.

“என்மேலே குற்றம் சொல்லாதீங்கோ சாரே! வீணை சரியாகி மாசம் ஒண்ணாச்சு. ‘இப்போ கொண்டுவராதே, அது வந்தா சார் பழையபடி பேப்பர் வாசிக்கப் போயிடுவார், இப்பத்தான் நான் பாடறதைக் கேக்கறார்’னு அம்மாவாக்கும் தடுத்தது!”