ஒரே ஒரு ஜோடி பேரிங்

"மூணு நாளாச்சுங்க, ஃபேனைக் கழட்டிக்கிட்டுப் போன ஆளு..."

"நேத்து வரைக்கும் முனகிட்டுத்தான் இருந்தது, இன்னிக்குக் கத்துது..."

"...போனவரு போனவருதான். ஒரு போன் போட்டுக் கேக்கக் கூடாதா?"

"...கேட்டேனே! முன் சக்கரத்துல பேரிங் போயிடுச்சாம், மெக்கானிக் சொல்றான்."

"நான் ஃபேனைப் பத்திப் பேசறேன்."

"நான் வண்டியைப் பத்திப் பேசறேன்."

"அதான் தெரியுதே. இருபத்தஞ்சு வருஷமா இந்த வீட்டுல அதைப் பத்தித்தானே பேச்சு!"

மோட்டார் சைக்கிளுக்கும் இருபத்தஞ்சு வயசு. ஃபேனுக்கும் அதே. வண்டி, கணவர் நூலகராகி முதல் சம்பளத்தில் வாங்கியது. ஃபேன் மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்தது. ஒன்று நின்றால் அவருக்கு உயிர் போகும். இன்னொன்று நின்றால் அவளுக்குத் தூக்கம் போகும்.

"சனிக்கிழமை என் தம்பி சரக்கு வண்டி கொண்டு வர்றான். அதுக்குள்ள உங்க வண்டி கத்தாம ஓடலைன்னா பழைய இரும்புக்குத்தான். சொல்லிட்டேன்."

சொன்னால் செய்கிறவள். நூலகர் அன்றைக்கே சுத்தியலை எடுத்தார். மாதிரி காட்ட ஒரு பேரிங் வேண்டுமே! தட்டித் தட்டி இரண்டையும் வெளியே எடுத்தார். கத்திக்கொண்டாவது ஓடிய வண்டி, அதோடு ஓடவே ஓடாது என்றாகிவிட்டது. சக்கரம் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தது.

"விருந்தாளிக்குக் காபி போடவா?" என்றாள் மனைவி.

பேரிங்கைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார்.

"இந்த அளவு இப்ப வர்றதில்ல சார். பேரைக் குடுத்துட்டுப் போங்க, விசாரிச்சுச் சொல்றேன்" என்றார் முதல் கடைக்காரர். இரண்டாவது கடையிலும் அதே பாட்டு.

நூலகத்தில் ஒரு புத்தகத்துக்கு நாலு வெவ்வேறு பேரில் சீட்டு எழுதிப் போடுகிற ஆளுக்குத்தான் அது முதலில் கிடைக்கும். இது அவர் வேலையில் கண்ட ரகசியம். ஆகவே முதல் கடையில் தம் பேரைக் கொடுத்தவர், இரண்டாவது கடையில் மச்சினன் பேரைக் கொடுத்தார். மூன்றாவதில் மாடிவீட்டுக்காரர். நாலாவதில், காலமாகி எட்டு வருஷமான மாமனார்.

புதன்கிழமை போய்க் கேட்டால், முதல் கடைக்காரர் கையை விரித்தார்.

"திடீர்னு கிராக்கி சார். எல்லாக் கடையிலயும் இதையே கேக்கறாங்களாம். நாங்க எல்லாரும் ஒரே மொத்தக் கடைக்குத்தானே போன் போடணும்? அவர் உஷாராயிட்டார். தர மாட்டேங்கறார்."

"யாருய்யா கேக்கறது?"

"யாரோ நாலு பேர்."

"எவனோ பதுக்கறான்!" என்று கொதித்த நூலகர், எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்தாவது கடையில் தம் மேலதிகாரி பேரையும் எழுதி வைத்துவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை மொத்தக் கடைக்கே போய் நின்றார்.

"இருக்கறது ஒரே ஒரு ஜோடி. இனிமே அடுத்த மாசம்தான். ஏற்கெனவே அஞ்சு பேர் சொல்லி வச்சிருக்காங்க. உங்க பேரு?"

கைவசம் இருந்த ஆம்பிளைப் பேரெல்லாம் தீர்ந்துவிட்டது. வாயில் வந்தது மனைவி பேர்.

"வண்டி அவங்களோடதா?"

"அவங்க இல்லாம நகராதுங்க."

அது பொய்யில்லையே! மொத்தக் கடைக்காரர் இளகிவிட்டார். "ஒரு அம்மா ஆசைப்பட்டு வண்டி வச்சிருக்காங்க. அவங்களுக்கே போகட்டும்." பேரும் வீட்டு நம்பரும் கேட்டு ரசீது போட்டார்.

சனிக்கிழமை காலை மெக்கானிக் சக்கரத்தை மாட்டிச் சுண்டிவிட்டான். மூச்சுக் காட்டாமல் சுற்றியது. நூலகருக்கு அதை நிறுத்த மனசு வரவில்லை. சரக்கு வண்டியோடு வந்த மச்சினன் வெறும் வண்டியோடு திரும்பினான்.

"ஏறு" என்றார் நூலகர்.

ஏறினாள். ஆற்றுப்பாலம் வரை போனார்கள். காற்று முகத்தில் அடித்தது.

"பத்து நாளைக்கப்புறம் இன்னிக்குத்தாங்க காத்தே பாக்கறேன்" என்று அவர் தோளில் கை வைத்தாள். இன்னொரு சுற்றுப் போனார்கள்.

திரும்பி வந்தால், வாசலில் ஃபேன் ரிப்பேர்காரர். காலடியில் ஒரு சாக்கு மூட்டை.

"மன்னிச்சுக்கங்கம்மா, ஃபேனைத் திருப்பிக் கொண்டாந்துட்டேன். பேரிங் கிடைக்கல. பழைய அளவு, மொத்தக் கடையில ஒரே ஒரு ஜோடிதான் இருந்ததாம். அதுவும் நேத்துப் போயிடுச்சு."

நூலகர் சாவியைத் தவறவிட்டார். "ஃபேன்லயும்... வண்டியிலயும்... ஒரே பேரிங்கா?"

"பேரிங்குக்கு ஃபேன் எது, வண்டி எதுன்னு தெரியுமா சார்? அளவு சரியா இருந்தா எதுலயும் சுத்தும்."

"அந்தக் கடைசி ஜோடியைக் கொண்டுபோன புண்ணியவான் யாருப்பா?" என்றாள் மனைவி.

ரிப்பேர்காரர் ஒரு மாதிரி அவளைப் பார்த்தார்.

"கடை ரசீது புக்கை என் கண்ணால பார்த்தேம்மா. உங்க பேரு, இதே வீட்டு நம்பரு. நீங்களே வாங்கி வச்சுக்கிட்டு, என்னை எதுக்கும்மா பத்து நாளா அலையவிட்டீங்க?"