டிராகனுக்குக் காவல்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமாவின் ஆசிகள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அசையாமல் படுத்திருக்கும் உனக்கும், உள்ளே அசைந்துகொண்டே இருக்கும் சின்னவருக்கும் சகல சௌக்கியமும் உண்டாகட்டும். இங்கே என் மானத்தைத் தவிர மற்றதெல்லாம் நலம்.

"நான் வர்ற வரைக்கும் சனிக்கிழமை விளையாட்டை நீங்க நடத்துங்க மாமா. நீங்க கதை சொல்லுங்க, ஆளுக்கொரு வேஷம் கட்டின என் சிநேகிதங்க என்ன செய்யறாங்கன்னு அவங்களே சொல்வாங்க, பலிக்குமா பலிக்காதான்னு பகடை சொல்லிடும்" என்றாய். ஆயுசு முழுக்க ரயில் கார்டாக இருந்தவன் நான். தண்டவாளம் போகிற பக்கம் வண்டி போகும் என்று நம்பித் தலையாட்டினேன். உன் சிநேகிதர்கள் தண்டவாளத்தையே கழற்றி எடைக்குப் போடுகிறவர்கள் என்று நீ சொல்லவில்லையே அம்மா! மலையேறி டிராகனைக் கொல்லுங்கள் என்றேன். மாவீரன் வேஷம் கட்டிய அந்தப் பல் டாக்டர், வழிமறித்த பூதத்தை வெட்டாமல், "எங்க, ஆ காட்டு" என்று சொல்லிச் சொத்தைப் பல்லைப் பிடுங்கிவிட்டார். வலி விட்ட பூதம் இப்போது நாய்க்குட்டி மாதிரி அவர் பின்னாலேயே வருகிறது. மந்திரவாதியான பேக்கரிக்காரம்மா, எரிமலைச் சூட்டில் ரொட்டி வேகுமா வேகாதா என்று கேட்டே ஒரு சாயங்காலத்தைத் தின்று தீர்த்தாள்.

சரி, கொஞ்சம் பயமுறுத்தினாத்தான் வழிக்கு வருவாங்கன்னு போன வாரம் குகை வாசல்லயே கொண்டுபோய் நிறுத்தி, "உள்ளே டிராகன் முட்டைமேல உக்காந்து உறுமுது" ன்னு சொல்லிட்டேன். அவ்வளவுதான். டாக்டர் பகடையை மெல்ல மேஜையில வச்சுட்டார். இதையெல்லாம் வேலையத்த கூத்துன்னு சொல்ற உன் அத்தை, சமையல்கட்டுலேர்ந்து கரண்டியோட வந்து நின்னா.

"அசையக்கூடாதுன்னு ஒரே இடத்துல கிடக்கிறவகிட்ட கத்தியைத் தூக்கிட்டுப் போவீங்களா? வெக்கமா இல்ல?"

"அடியே, அது டிராகன்டி" ன்னேன்.

"இருக்கட்டுமே. அதுவும் நல்லபடியாப் பெத்துப் பிழைக்க வேண்டாமா?" ன்னா. உன்கிட்ட ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசாதவம்மா அவ. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துகிட்டு, "எனக்கென்ன வேஷம்?" னு கேட்டா.

இப்ப மூணு பேரும் குகை வாசல்ல காவல் நிக்கறாங்க. வர்ற கொள்ளைக்காரங்களைப் பூதத்தை விட்டு விரட்டறாங்க. டிராகனுக்கு வேளாவேளைக்கு ரொட்டி போகுது. அத்தை பகடையை உருட்டறதுக்கு முன்னால கண்ணை மூடி உன் பேரைத்தான் முணுமுணுக்கறா.

இப்படிக் கொல்ல ஆளே இல்லாத சண்டைக் கதையை நடத்த எனக்குத் தெம்பில்லை. ஆகவே ராஜினாமா செய்கிறேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

நீங்கள் இருவரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
மாமா.

பின்குறிப்பு: ராஜினாமாவைக் கிழித்துப் போட்டுவிடு. முட்டை எப்போது பொரியும் என்று மூவரும் நச்சரிக்கிறார்கள். உன் டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.