முட்டியண்ணை கொண்டுவந்த கருப்பநீர்

பத்திரிகை ஆசிரியர் ஐயா, என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளை நீங்களே பிடித்துத் திருத்திவிடுங்கள். எனக்கு அவை கண்ணில் படுவதில்லை.

தீவுப்பகுதி முழுவதும் தேடினாலும் முட்டியண்ணையைப் போல மனம்விட்டுப் பேசுகிற மனிதரைக் காண முடியாது. ஒரேயொரு நிபந்தனை: அவர் தான் இருக்கிற கதிரையில் ஏறி நிற்க வேண்டும்.

நாங்கள் சந்தித்தது ஊர்காவற்றுறையில், ஒரு மருத்துவ நிலையத்தின் பின்மண்டபத்தில். மனநோயும் குடியும் சேர்ந்து பிடித்தவர்களுக்கு அங்கே ஒரு குழு. ஆஸ்பத்திரி வாட்டில் படுக்கத் தேவையில்லை. கிழமையில் பாதி நாள் காலையில் போய், வட்டமாக இருந்து, மனதில் உள்ளதைச் சொல்லி, பின்னேரம் வீடு திரும்பலாம். பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பது குழுவின் விதி. பட்டப்பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பது முட்டியண்ணையின் விதி.

அவர் பனையில் முட்டி கட்டிக் கள் சீவுகிறவர்; பட்டப்பெயர் அதனால்தான். என் மனம் எப்போதும் இறங்கியே கிடக்கும். அவருடையது ஏறினால் இறங்காது, இறங்கினால் ஏறாது. இரண்டுக்கும் அவர் குடித்தார்.

முதல் நாள் குழுவை நடத்துகிற மிஸ் கேட்டார்: “இண்டைக்கு மனம் எப்பிடி இருக்கு, அண்ணை?”

முட்டியண்ணை எழும்பிக் கதிரையில் ஏறினார்.

“ஐயோ அண்ணை, இறங்குங்கோ! விழப்போறியள்!”

“நிலத்திலை நிண்டால் எனக்குக் கதை வராது மிஸ். நான் யோசிச்சதெல்லாம் மரத்திலைதான்.” தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தார். “இண்டைக்கு அரை மரம்.”

மர உச்சியில் இருக்கிற பாளை மட்டம் என்றால் நல்ல நாள். வேர் என்றால் ஒன்றும் கேட்கக்கூடாது. கொஞ்ச நாளில் முழு வட்டமும் இந்தப் பாஷைக்கு மாறிவிட்டது. கடலாழத்தைப் பாகக் கணக்கில் அளக்கிற கடற்றொழிலாளி ஒருவர் மட்டும், “எனக்கு மரம் சரிவராது, நான் ரெண்டு பாகம் ஆழம்” என்று தனிக்கணக்கு வைத்திருந்தார். இடைக்கிடை வருகிற பெரிய டொக்டர், மிஸ்ஸின் குறிப்பைப் பார்த்துவிட்டு, “ஆர் இந்த அரை மரம்?” என்று கேட்டாராம்.

என் முறை வரும்போது நான் என் காலையே பார்த்துக்கொண்டிருப்பேன். முட்டியண்ணைதான் மேலிருந்து பதில் சொல்வார்: “அவர் இன்னும் மரத்துக்குக் கிட்ட வரேல்லை மிஸ். விடுங்கோ, வருவார்.”

அவருடைய மனைவி, எங்களுக்கு அக்கா, கோபித்துக்கொண்டு கடலுக்கு அந்தப் பக்கம் காரைநகரில் தன் தங்கை வீட்டில் இருந்தார். குடும்பத்தினர் வந்து குழுவைப் பார்க்கிற நாள் ஒன்று உண்டு. “வந்து பார்ப்பன். திருந்தியிருந்தால் புளியங்கூடல் வீட்டுக்கு வருவன். இல்லாட்டி அடுத்த படகிலை திரும்பிப் போவன்” என்று அக்கா சொல்லியனுப்பியிருந்தார். அந்தக் கிழமை முழுவதும் முட்டியண்ணை பாளைக்கும் வேருக்குமாக ஏறி இறங்கினார்.

அன்றைக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் கலனோடு வந்தார். உள்ளே கருப்பநீர். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிக் கட்டினால், பாளையிலிருந்து வடிவது புளித்துக் கள்ளாகாது, பிள்ளைகளும் குடிக்கலாம். மிஸ்ஸிடம் முன்பே கேட்டு வைத்திருந்தார். எல்லோருக்கும் தன் கையாலேயே வார்த்தார். மிஸ் இரண்டு வார்த்தை பேசியபின் ஒன்றாகக் குடிப்பதென்று ஏற்பாடு.

கோப்பையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனேன். புளித்த மணம். ஓரத்தில் நுரை. சந்தேகமே இல்லை, கள்.

எதிரே அக்கா கைப்பையை மடியில் வைத்தபடி புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறந்தால் அவர் அடுத்த படகில். திறக்காவிட்டால், குடியை மறக்க வந்த அத்தனை பேர் வயிற்றிலும் கள். மிஸ் பேச்சை முடித்துக் கோப்பையைத் தூக்கினார்.

“குடியாதேங்கோ! அது கள்ளு!”

எனக்குள் இவ்வளவு சத்தம் இருப்பது எனக்கே தெரியாது. கதிரையில் ஏறி நின்றுதான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள்.

முட்டியண்ணையின் முகம் வேருக்கும் கீழே போனது. அக்கா எழும்பினார்.

“என்னப்பா, நீங்கள் ஒரு சொட்டு வாயிலை வைச்சுப் பாக்கேல்லையோ?”

“எப்பிடியப்பா பாக்கிறது? மரத்திலை இருந்து வாறது எதையும் நாக்கிலை வைக்கமாட்டன் எண்டு இவையளுக்கு முன்னாலை சத்தியம் பண்ணினனான். ருசி கெடக்கூடாதெண்டு சுண்ணாம்பைக் கொஞ்சம் குறைச்சுப்போட்டன்.”

“மூக்கு எங்கை போனது?”

“அந்த மணம் எனக்குக் காத்து மாதிரியெல்லே.”

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். முதல் முட்டியை மரத்திலேயே முடித்துவிட்டு இறங்குகிற மனிதரோடு காலம் தள்ளியவர். கலனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். வேலியோரம் கவிழ்த்து ஊற்றினார். வெறுங்கலனைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

“நல்லாய்க் கழுவிக்கொண்டு வாங்கோ. புளியங்கூடல் பஸ் போகப்போகுது.”

அதற்குப் பிறகு முட்டியண்ணை என்னை எங்கே கண்டாலும் விடுவதில்லை. சந்தையில், பஸ்ஸில், கோயில் வாசலில் பிடித்து நிறுத்தி, “என்ரை மனுசியை வீட்டுக்குக் கூட்டித் தந்தவர் இவர்தான்!” என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் தொடக்கத்திலிருந்து சொல்வார். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசும். ஆனாலும், அவர் சொல்லி முடிக்கும்வரை நான் ஒருநாளும் அந்த இடத்தை விட்டு அசைந்ததில்லை.

இதை எழுதியது ஆவணி பன்னிரண்டாம் திகதி.