பச்சை வால்

"ஏங்க, சத்தம் போடாம வந்து பாருங்க. பின்வாசல் படிக்குக் கீழே ஒரு கீரி."

கூண்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். பார்த்தவர் நுரையை அப்படியே விழுங்கிவிட்டார். கீரியைக் கண்டதற்காக அல்ல. அதன் வால் நுனி பச்சையாக இருந்ததற்காக.

வீடுகளில் குடிபுகும் கீரி, மரநாய் வகையறாவைக் கூண்டு வைத்துப் பிடிப்பது நகர அலுவலகத்தில் அவருக்கு இருபது வருஷ உத்தியோகம். பிடித்ததன் வாலில் பச்சைப் பெயின்ட் ஒரு தீற்று. பிறகு வேன் டிரைவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். டிரைவர் அதை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடவேண்டும் என்பது விதி. பச்சை வால் திரும்பி வந்து யார் கண்ணிலாவது பட்டால், பிடித்தவர் பெயர் நாறிவிடும்.

"சனிக்கிழமை அதிகாரி நம்ம வீட்டுக்கு வர்றாரு," என்றார். "வீட்டைப் பாத்தே ஆளை எடை போடுற மனுஷன். இது மட்டும் அவர் கண்ணுல பட்டுது, தலைமைப் பதவி ஆபீசுல வலை போட்டுப் பிடிக்கிற அந்த வலைக்காரனுக்குப் போயிடும். பன்னெண்டு வருஷமா அதுக்குத்தான் காத்துக் கிடக்கேன்."

"ஊரெல்லாம் பிடிக்கிறீங்க. நம்ம வீட்டுல ஒண்ணைப் பிடிக்க முடியாதா?"

"மெதுவாப் பேசுடி. அதுக்குக் காது கூர்மை."

அன்றே படியோரம் முட்டை வைத்தார். கீரி கூண்டுக்குள் வந்தது. கூண்டை சைக்கிள் கேரியரில் கட்டி, மேலே சாக்கைப் போர்த்தி, பாலத்தைத் தாண்டி அலுவலகம் போய்ச் சேர்ந்தார். டிரைவர் போன மாதம் சேர்ந்தவன். விதியைத் தலைகீழாக ஒப்பிப்பவன்.

"இது எந்த வீட்டுலண்ணே பிடிச்சது?"

"எந்த வீடா இருந்தா உனக்கென்ன? கொண்டுபோய் விடு."

மறுநாள் காலை படிக்குக் கீழே மூன்று. மூன்றும் பச்சை.

"போய் சொந்தக்காரங்களையும் கூட்டிட்டு வந்திருக்கு," என்றாள் மனைவி.

மூன்றையும் பிடித்துக் கொடுத்தார். அதற்கடுத்த நாள் ஐந்து. அவற்றையும் கொடுத்தார். ஆற்றை நீந்தியா வருகின்றன, பாலத்தில் நடந்தா? கண்டுபிடித்தே தீருவதென்று காலையில் பாலத்து நடுவில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு மணி நேரம் நின்றார். கீரி எதுவும் நடந்து வரவில்லை. அலுவலக வேன் மட்டும் ஹார்ன் அடித்துக்கொண்டு போயிற்று. இவரும் கை காட்டினார்.

மத்தியானம் டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ விடுற இடம் அதுங்களுக்குப் பிடிக்கலைப்பா. அதான் ஓடிடுதுங்க. நல்லாத் தீனி கிடைக்கிற இடமாப் பாத்து விடேன்."

"கவலையை விடுங்கண்ணே. முட்டையே உருண்டு கிடக்கிற இடம் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்."

கூண்டுக்காரருக்கு நெஞ்சு குளிர்ந்தது. வெள்ளிக்கிழமை சமையலறை ஜன்னலடியில் ஏழு நின்றன.

சனிக்கிழமை பின்கதவைச் சாத்தி, பீரோவை நகர்த்தி முட்டுக் கொடுத்தார். திரைச்சீலைகளை எல்லாம் இழுத்துவிட்டார். வீடு சினிமாக் கொட்டகைபோல இருண்டது. அதிகாரி முன்னறையில் உட்கார்ந்து தேநீரை உறிஞ்சினார். வேனில் அவரை அழைத்து வந்த டிரைவர் வாசலோடு நின்றுகொண்டான்.

"வீடு கச்சிதமா இருக்கய்யா," என்றார் அதிகாரி. "திங்கட்கிழமையே உத்தரவு போட்டுடறேன்."

உள்ளே பாத்திரம் ஒன்று உருண்டது.

"என்ன சத்தம்?"

"பூனை சார்," என்றார் கூண்டுக்காரர்.

"எலி சார்," என்றாள் மனைவி, அதே மூச்சில்.

சமையலறை ஜன்னலைச் சாத்த மறந்திருந்தார்கள். திரைச்சீலை அசைந்தது. ஏழு கீரிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல வரிசையாக வந்து, அதிகாரியின் காலடியில் நின்று, அவருடைய பிஸ்கட்டை அண்ணாந்து பார்த்தன. ஏழு வால்களும் நிமிர்ந்திருந்தன.

அதிகாரியின் கோப்பை அந்தரத்தில் நின்றது. "என்னய்யா இது? அத்தனையும் பச்சை!"

கூண்டுக்காரர் பிஸ்கட் தட்டை அவசரமாக மேலே தூக்கினார்.

வாசலில் நின்ற டிரைவர் கீரிகளைப் பார்த்தான். உள்ளே வந்து சமையலறைத் திரைச்சீலையை விலக்கி, பின்பக்கத்துப் படியையும் முட்டை ஓடுகளையும் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"அட, இந்த வீட்டுக்கு முன்வாசல் இந்தப் பக்கமா இருக்கு? நான் தினம் ஆத்தைத் தாண்டி, பின்பக்கமா வந்துதானேண்ணே கூண்டைத் திறந்துவிட்டுட்டுப் போறேன்!"