மேவிஸ் ஏற்றப்போகும் மெழுகுவர்த்தி

மினசோட்டா,
ஈஸ்டர் கழிந்த இரண்டாம் திங்கள்

அன்புள்ள டோனா அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் என் வீட்டுக்காரர் ஆர்டனும் நலம். அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன். நலம் என்று எழுதியது சம்பிரதாயத்துக்குத்தான் அக்கா. எனக்கு வயிறு எரிகிறது.

நம் லேலண்டுக்கு ஜூனில் கல்யாணம், அந்தப் பிரயன் பையனோடுதான். வேதத்தில் ஆணும் பெண்ணும் என்றுதான் எழுதியிருக்கிறது, ஓர் எழுத்தும் மாறாது, நான் வரமாட்டேன் என்று ஈஸ்டர் விருந்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். கெஞ்சுவான் என்று பார்த்தால், "சரிம்மா, உன் மனசுக்கு ஒப்பாததைச் செய்யாதே" என்று இன்னொரு துண்டு பன்றிக்கறியை எடுத்துப் போட்டுக்கொண்டான். அதோடு விட்டானா? நம் சபைக் கல்யாணத்தில் இரண்டு தாய்மாரும் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றுவார்களே, என் இடத்தில் மேவிஸை நிற்கச் சொல்லியிருக்கிறான். வேத வகுப்பில் வருடக்கணக்காக என்னோடு மல்லுக்கு நிற்கிறாளே, அவளேதான். நான் ஒரு வசனம் வாசித்தால் போதும், "அது யாருக்கு, எந்தக் காலத்துல எழுதினதுன்னு பாக்கணும் ஆர்லிஸ்" என்பாள். அப்படிப் பார்த்துப் பார்த்தே என் பிள்ளையைக் கொத்திக்கொண்டு போய்விட்டாள். பெற்றவள் ஒருத்தி, பேர் வாங்குகிறவள் ஒருத்தி. நேற்று ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும்போது கூச்சமே இல்லாமல், "அவனுக்குப் பிடிச்ச அந்த மாட்டுக்கறி கேசரோல் செய்முறையைக் கொஞ்சம் குடேன்" என்று கேட்டாள். கொடுத்தேன். வெங்காயத்தை மட்டும் சொல்லவில்லை.

வேதத்தை வளைக்கிறவள் கையிலா மெழுகுவர்த்தி என்று போதகரிடமே போய்க் கேட்டேன். அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே, "உங்களுக்குக் கோபம் கல்யாணத்து மேலயா, மேவிஸ் மேலயா?" என்றார். இப்படிக் கேட்கவா அவரை இறையியல் படிக்க வைத்தார்கள்? வீட்டுக்கு வந்தால் ஆர்டன் கல்யாணத்துக்கென்று தன் கோட்டைச் சலவைக்குப் போட்டுவிட்டு வந்து நிற்கிறார். "எனக்குத் தெரிஞ்ச வசனம் கொஞ்சம். தெரிஞ்ச பிள்ளை ஒண்ணுதான்" என்கிறார்.

ஆகவே நான் போகப்போவதில்லை. நீயும் போகாதே. அத்தானின் முழங்கால் வலிக்கு என் ஜெபமும், உங்கள் இருவருக்கும் கர்த்தருடைய சமாதானமும் உண்டாகட்டும்.

உன் தங்கை,
ஆர்லிஸ்

பி.கு.: உறையை ஒட்டுமுன் வேதத்தை ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல் வரை புரட்டிவிட்டேன். என் கருத்து மாறவில்லை. ஆனால் பெற்ற மகனுக்குத் தாய் மெழுகுவர்த்தி ஏற்றக்கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுதாததைச் சேர்க்க நான் என்ன மேவிஸா? லேலண்டைப் போனில் கூப்பிட்டு, நானே ஏற்றுகிறேன் என்று சொன்னேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. நீ சீக்கிரம் புறப்பட்டு வா அக்கா. மேவிஸிடம் இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க உனக்கும் கொடுத்துவைக்க வேண்டும்.