இருமினாதான் வழி

"பொருள் தனியா உள்ள போகாது சார். ஆள் போனா, ஆளோட சேர்ந்து போகலாம்."

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி இப்படிச் சொன்னதும், தையல்காரர் கையிலிருந்த மூக்குக்கண்ணாடியைப் பார்த்து விழித்தார். அது அவர் மனைவியுடையது. சிறுநீரகக் கல் வலியில் துடித்தவளை அவசரமாகச் சேர்த்தபோது வீட்டிலேயே மறந்துபோனது. அது இல்லாவிட்டால் அவளுக்குக் கதவும் சுவரும் ஒன்றுதான். காலையில் போனில் அழாத குறை.

"ஏதோ காகிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடுங்கறாங்க. கல்லை எடுக்கவா, கிட்னியையே எடுக்கவான்னு படிச்சுப் பார்க்க முடியல. சீக்கிரம் வாங்களேன்!"

"அப்போ நானே போறேன்," என்றார் தையல்காரர்.

"தொற்று இல்லைன்னு சர்டிபிகேட் வேணும். அதோ, அந்த ஜன்னல்ல டெஸ்ட்."

ஜன்னலில் நர்ஸ் நிமிராமலே கேட்டாள். "இருமல் இருக்கா?"

"இல்லம்மா, நல்லாயிருக்கேன்."

"இருமல் இல்லாதவங்களுக்கு டெஸ்ட் கிடையாது."

"எனக்கு ஒண்ணும் இல்லைன்னுதானே சர்டிபிகேட் கேக்கறேன்?"

"ஏதாவது இருக்கிற மாதிரி இருந்தாதான் இல்லைன்னு எழுத முடியும். அடுத்தது!"

தொங்கிய முகத்தோடு திரும்பியவரைப் பார்த்துக் காவலாளிக்கு மனசு கேட்கவில்லை. தள்ளி நின்றே குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு இருமு இருமுங்க சார். இங்க இருமினாதான் வழி."

பாவம், பொய் சொல்லிப் பழகாத மனிதர். ஆனாலும் கட்டினவளுக்காக ஓர் இருமலைத் தைத்துக் கொடுத்தார். அளவுதான் கொஞ்சம் தாராளமாகிவிட்டது. நர்ஸ் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். மூக்கில் குச்சி போனது, கண்ணில் தண்ணீர் வந்தது.

"சர்டிபிகேட்?"

"ரிசல்ட் வர ரெண்டு நாள். அதுவரைக்கும் இருமறவங்க வார்டு."

"ஐயோ, நான் சும்மா இருமினேம்மா!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

ஆண்கள் வார்டில் ஒரு கட்டில் கிடைத்தது. அன்று மாலையே போனில் சார்ஜ் தீர்ந்தது. மறுநாள் டாக்டரிடம், "எனக்கு இருமலே இல்லைங்க" என்று கெஞ்சினார்.

டாக்டரின் புருவம் உயர்ந்தது. "நேத்து அவ்வளவு இருமிட்டு இன்னிக்குத் திடீர்னு நின்னுபோச்சா? இது நல்லதுக்கில்லையே. இன்னொரு டெஸ்ட் எடுங்க. இன்னும் ஒரு நாள் இருக்கட்டும்."

அதற்கப்புறம் தையல்காரர் வாயே திறக்கவில்லை. டாக்டர் வரும் நேரம் பார்த்து, கச்சிதமாக ஒரு சின்ன இருமல். அவ்வளவுதான்.

நான்காம் நாள் காகிதம் கைக்கு வந்தது. 'தொற்று இல்லை.' ஒரு கையில் அதையும் மறுகையில் கண்ணாடியையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"இந்தாங்க சர்டிபிகேட்! இப்போ என் சம்சாரத்தைப் பார்க்கலாமில்ல?"

காவலாளி தலையைச் சொறிந்தார்.

"அம்மா நேத்தே கல்லை எடுத்து டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்க சார். நீங்க இருமல் வார்டுல இருக்கீங்கன்னதும் பார்த்தே தீரணும்னு ஒரே அழுகை. கண்ணும் தெரியல, பாவம். நான்தான் கையைப் பிடிச்சு அந்த ஜன்னலுக்குக் கூட்டிட்டுப் போய், எப்படி இருமணும்னு சொல்லிக் குடுத்து, பெண்கள் வார்டுல சேர்த்துவிட்டேன்."