கடைசிக் கவளம்

செத்துக் கிடந்த மான், தன் வாயில் வைத்த இலையை மென்று தின்னத் தொடங்கியபோது, அப்னர் கோவாசெப் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றிருந்தான். ஆகவே அதை முதலில் பார்த்தவர் பல் வைத்தியர் லெஹ்னர்தான்.

"அப்னர், தாடை அசையுது."

"காத்துக்கு அசையும் ஐயா," என்றான் அப்னர், நிமிராமலே.

காற்று கொஞ்சமும் இல்லை. ஒமாருரு ஆற்றுக்கு மேற்கே ஜூலை மாதத்தில் காலை பத்து மணிக்கு முள்செடிகூட அசையாமல்தான் நிற்கும். அப்னருக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் விருந்தாளி ஒன்று சொன்னால் அதற்கு இதமாக ஒரு பதில் சொல்லிவைக்க வேண்டும் என்று இன்று காலைதான் அவன் முடிவெடுத்திருந்தான்.

சுட்டு விழுந்த மிருகத்தின் வாயில் ஒரு கொப்பை ஒடித்துக் 'கடைசிக் கவளம்' வைப்பது லெஹ்னரின் ஊர் வழக்கம். அவர் வேட்டையாட வந்திருந்த பண்ணையின் ஜெர்மன்காரக் குடும்பமும் மூன்று தலைமுறையாக அதை விடவில்லை. கவளம் வைத்தபின் இரண்டு நிமிடம் மௌனம். லெஹ்னர் முப்பத்தைந்து வருடம் பல் பிடுங்கியவர். அந்தக் கூடூ மானின் தாடையை இரண்டு விரலால் திறந்து, கடைவாய் வரை எட்டிப் பார்த்து, "நாலு வயசு, ஒரு சொத்தை கிடையாது," என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுத்தான் இலையை வைத்தார்.

இப்போது அந்த மான் இலையை விழுங்கியது. தலையைத் தூக்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்தது.

லெஹ்னர் அலறிய அலறலில் மான் எழுந்தேவிட்டது. குதிரை உயரம், ஒன்றரை முழத்துக்கு முறுக்கிக்கொண்டு நிற்கும் கொம்பு. ஒரு புதரை நின்ற இடத்திலிருந்தே தாண்டி, அடுத்த புதருக்குள் போய் மறைந்தது.

அப்னருக்கு மானைப் பற்றிய கவலை இரண்டாவதாகத்தான் வந்தது. முதல் கவலை வண்டியில் இருந்த வயர்லெஸ். பத்து நிமிடம் முன்னால் அதில்தான் பண்ணைக்கார அம்மா ரெனாட்டேயிடம், "ஒரே குண்டும்மா, நின்ன இடத்துலேயே விழுந்துடுச்சு," என்று பெருமையாகச் சொல்லியிருந்தான்.

பத்தொன்பது வருடமாக அப்னர் அந்தப் பண்ணையில் தடம் பார்ப்பவன். மண்ணில் கிடக்கும் குளம்படியைப் பார்த்து, மான் எப்போது போனது, எந்தக் கால் வலிக்கிறது என்று சொல்லிவிடுவான். ஆனால் தடம் பார்ப்பவன் வேறு, வழிகாட்டி வேறு. வழிகாட்டி விருந்தாளியோடு கைகுலுக்கிப் போட்டோவில் நிற்பான். தடம் பார்ப்பவன் அந்தப் போட்டோவை எடுப்பான். வழிகாட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பம் போட ரெனாட்டேயின் கையெழுத்து வேண்டும், நாளைக்குத் தபால் போகிறது. அவள் கணுக்கால் உடைந்து கட்டுப்போட்டுக் கிடந்ததால் இன்று முதன்முறையாக அப்னர் தனியாக விருந்தாளியைக் கூட்டி வந்திருந்தான். "சுட்டதை வண்டியில ஏத்திக்கிட்டு வா, வந்த உடனே போடறேன்," என்று அவள் சொல்லியிருந்தாள்.

இத்தனைக்கும் அவன் அறியாத விஷயம் இல்லை இது. விளக்கை அணைத்ததுபோல் சட்டென்று விழும் மிருகத்தை நம்பக்கூடாது. குண்டு முதுகெலும்பின் மேல்நுனியை உரசிக்கொண்டு போனால் மிருகம் மூர்ச்சையாகி விழும், சில நிமிடத்தில் எழுந்து ஓடிவிடும். அதனால் விழுந்தாலும் உடனே இன்னொரு குண்டு போட வேண்டும். இதை இருநூறு விருந்தாளிகளுக்கு அவன் சொல்லியிருப்பான். இன்றும் சொன்னான். ஆனால் அந்தத் தலையைத் தன் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் உட்காரும் அறையில் மாட்டப் போவதாகவும், இன்னொரு ஓட்டை விழுந்தால் தோல் கெட்டுவிடும் என்றும் லெஹ்னர் சொல்ல, வழிகாட்டி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் போலிருக்கிறது என்று அப்னர் சிரித்துவைத்தான். 

"தப்பிச்சிருச்சா?" என்று கேட்டார் லெஹ்னர். துப்பாக்கி பின்னால் உதைத்தபோது அதன் தூரக்கண்ணாடி இடித்து அவர் புருவத்தில் பிறை வடிவத்தில் ஒரு வெட்டு. மூக்கு நுனிவரை ரத்தம் வழிந்தது. துப்பாக்கியைத் தோளோடு அழுத்திப் பிடிக்காதவர்களுக்கு அந்தக் காட்டில் கிடைக்கும் முத்திரை அது. அப்னர் தன் கைக்குட்டையை எடுத்து அவர் நெற்றியில் கட்டிவிட்டான்.

மான் கிடந்த இடத்தைக் குனிந்து பார்த்தான். கழுத்து இருந்த இடத்தில், கல்லின் மேல் ஐந்தாறு சொட்டு ரத்தம். அவனுக்கு உயிர் வந்தது, கூடவே பயமும் வந்தது. ரத்தம் விழுந்துவிட்டால் அது சுட்ட மிருகம். அதை விட்டுவிட்டு வேறொன்றைச் சுடக்கூடாது, காயத்தோடு அலையவும் விடக்கூடாது. கண்டுபிடித்து முடிக்கும்வரை நடக்க வேண்டும்.

வயர்லெஸ் கரகரத்தது.

"அப்னர், ஏத்தியாச்சா? ஈரலுக்கு வெங்காயம் நறுக்கியாச்சு இங்க."

"ஐயா போட்டோ எடுக்கறார்மா," என்றான் அப்னர். பத்தொன்பது வருடத்தில் அவளிடம் அவன் சொன்ன முதல் பொய் அது. அவ்வளவு சுலபமாக வந்தது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

தடம் நல்ல தெளிவாக இருந்தது. ஆனால் விநோதமாக இருந்தது. நூறு அடி ஓடி, நின்று, திரும்பிப் பார்த்திருக்கிறது. மறுபடி நூறு அடி, மறுபடி திரும்பியிருக்கிறது. காயம்பட்ட மிருகம் இப்படித்தான், பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கும், என்று அவன் லெஹ்னருக்கு விளக்கினான். ரத்தம் மட்டும் அதற்கப்புறம் ஒரு சொட்டும் இல்லை. உள்ளே கசிகிறது என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னான்.

ஒரு மணி நேரம் கழித்து மேட்டில் அது நின்றது. இருநூறு அடி தூரம், இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. லெஹ்னர் சுட்டார். மான் அப்படியே மடங்கி விழுந்தது.

"இன்னொண்ணு போடுங்க," என்றான் அப்னர். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

லெஹ்னர் போட்டார். மானுக்கு மேலே நாலடி உயரத்தில் ஒரு கிளை முறிந்து விழுந்தது. இருவரும் ஓடினார்கள். நடுவே கொக்கிமுள் புதர்கள். ஒவ்வொன்றும் லெஹ்னரின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, சமாதானம் பேசி விடுவித்தால்தான் விட்டது. போய்ச் சேர்ந்தபோது நசுங்கிய புல் மட்டும் இருந்தது. கை வைத்துப் பார்த்தான், சூடாக இருந்தது. ரத்தம் இல்லை. நிமிர்ந்தால், நாற்பது அடி தள்ளி மரத்துக்குப் பின்னாலிருந்து மான் அவர்களைப் பார்த்து வாயைத் திறந்தது. லெஹ்னர் துப்பாக்கியைத் தூக்குவதற்குள் போய்விட்டது.

"மூச்சு வாங்குது. நுரையீரல்ல பட்டிருக்கு," என்றான் அப்னர். தன் குரலில் நம்பிக்கை குறைவதை அவனே கேட்டான். இரண்டு முறை செத்த மானை அவன் இதுவரை பார்த்ததில்லை.

அதற்குப்பின் ஒரு புதர் சலசலக்க, பதறிப்போன லெஹ்னர் அதையும் சுட்டார். காட்டுப்பன்றி ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அப்னர் மரியாதையாகத் துப்பாக்கியை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். உள்ளே ஒரே ஒரு தோட்டா மிச்சம்.

வண்டியை மாற்றி நிறுத்தத் திரும்பியபோது வயர்லெஸ் காத்துக்கொண்டிருந்தது. இத்தனை நேரமா போட்டோ என்று ரெனாட்டே கேட்டாள். அதற்கப்புறம் மூன்று வெடிச் சத்தம் கேட்டதாகவும் சொன்னாள்.

"டயர் பஞ்சர்மா. டயர் வெடிச்ச சத்தம்தான்."

"மூணு டயருமா?"

அப்னர் வயர்லெஸ்ஸை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"ஜாக்கி வண்டியில இல்லையே, நேத்து நான்தான் எடுத்து வெச்சேன். இரு, கொண்டு வரேன். ஒத்தக் கால் போதும் எனக்கு ஓட்டறதுக்கு."

இனி முக்கால் மணி நேரம். அதற்குள் மான் வண்டியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு பத்தொன்பது வருடம் போட்டோ எடுக்க வேண்டும்.

தடம் நேராகப் பக்கத்துப் பண்ணையின் வேலிக்குப் போய், வேலியைத் தாண்டியது. கேட்காமல் துப்பாக்கியோடு அந்தப் பக்கம் போகக்கூடாது. அங்கே போன மாதம்தான் புதிதாக ஒரு ஹெரேரோ இனத்துக் குடும்பம் வந்திருந்தது, போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று ரெனாட்டே சொல்லிக்கொண்டே இருந்தாள், யாரும் போகவில்லை. அப்னர் வண்டியை வேலியோரம் நிறுத்திவிட்டு, கம்பியைத் தூக்கிப் பிடித்து லெஹ்னரை உள்ளே நுழைத்தான்.

பத்து நிமிடம் போயிருப்பார்கள். எதிரே ஒரு பெண் வந்தாள். மாட்டுக் கொம்பு மாதிரி அகன்ற தலைக்கட்டு, மண்ணைக் கூட்டும் நீளப் பாவாடை, கையில் பச்சை இலைக்கட்டு. ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போகிறாள் என்று நினைத்தான் அப்னர். அந்த நாட்டில் எதிரே வரும் ஆளிடம் வணக்கம் சொல்லாமல் போவதென்பது கிடையாது. எப்படி எழுந்தீர்கள், வீட்டில் எப்படி எழுந்தார்கள், மாடு எப்படி, மழை எப்படி என்று எல்லாம் கேட்டு, கடைசியில் சேதி என்ன என்று கேட்டால்தான் வணக்கம் முடியும். குறைந்தது கால் மணி நேரம். அப்னரிடம் அந்தக் கால் மணி இல்லை. லெஹ்னரின் சட்டையைப் பிடித்து இழுத்து ஒரு புதருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். அவள் எதையோ தேடுகிறவள்போல் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனாள். வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவருக்கு வணக்கம் சொல்லாமல் விட்டது அவனுக்கு உறுத்தியது.

எழுந்து நாலு எட்டு வைத்ததும் நின்றான். தாங்கள் வந்த வழியில், லெஹ்னரின் பூட்ஸ் தடத்துக்கு மேலே, குளம்படி பதிந்திருந்தது. புதுசு. ஓரத்து மண் இன்னும் சரிந்துகொண்டிருந்தது.

"என்ன அது?" என்றார் லெஹ்னர்.

"வட்டம் போட்டு நமக்குப் பின்னால வந்திருக்கு."

லெஹ்னர் சுற்றிலும் இருந்த புதர்களைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்னர், நாம அதைத் தேடறோமா, அது நம்மளைத் தேடுதா?"

எருமை அப்படிச் செய்யும், காயம்பட்டால் சுற்றி வந்து பழி வாங்கும். மான் செய்து அப்னர் கேள்விப்பட்டதில்லை.  இருவரும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு, அங்குலம் அங்குலமாக வேலியை நோக்கி நகர்ந்தார்கள். பக்கத்தில் எங்கோ ஒரு சுள்ளி முறிந்தது. இன்னொன்று முறிந்தது. லெஹ்னர் கண்ணை மூடிக்கொண்டே நடந்தார்.

வேலியை அடைந்தபோது மான் இருபது அடியில் நின்றது. மார்பைக் காட்டிக்கொண்டு, அசையாமல். இதைவிட நல்ல குறி கிடைக்காது. அப்னர் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினான், மூச்சைப் பாதி விட்டான், விசையில் விரலை வைத்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி வந்து நின்றது. ரெனாட்டே இறங்கி, கதவை ஓங்கிச் சாத்தினாள்.

மான் விழுந்தது.

"நல்ல குறி," என்றாள் ரெனாட்டே, ஊன்றுகோலில் சாய்ந்து.

"நான் சுடலைம்மா," என்றான் அப்னர்.

அவள் துப்பாக்கியைப் பார்த்தாள். மானைப் பார்த்தாள். கைக்குட்டை கட்டிய லெஹ்னரைப் பார்த்தாள். அப்புறம் அப்னரின் வண்டியின் நாலு டயரையும் நிதானமாகப் பார்த்தாள். அப்னருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. போட்டோ பொய், பஞ்சர் பொய், வேலி தாண்டியது தப்பு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டான்.

"அதெல்லாம் ராத்திரி பேசலாம். முதல்ல காதுக்குப் பின்னால வெச்சுப் போடு," என்றாள் அவள்.

அவன் போய்க் குனிந்தான். துப்பாக்கி முனையைக் காதருகே கொண்டுபோனான். மான் கண் திறந்து அவனைப் பார்த்தது. பழக்கம் விடாமல் அவன் கண் காயத்தைத் தேடியது. முதுகில் இல்லை. விலாவில் இல்லை. கழுத்தில் காய்ந்த ரத்தம் இருந்தது, துடைத்துப் பார்த்தால் அடியில் ஒரு கீறல்கூட இல்லை. மூன்று குண்டு, ஒரு ஓட்டை கிடையாது. அப்னர் தலையைத் திருப்பி லெஹ்னரின் நெற்றியைப் பார்த்தான். காலையில் அவர் இந்தக் கழுத்துக்கு மேலே குனிந்துதான் இலை வைத்தார். ரத்தம் யாருடையது என்பது இப்போது புரிந்தது.

துப்பாக்கியைத் தாழ்த்தினான். "இதுக்கு அடியே படலைம்மா. சுடமாட்டேன்."

ரெனாட்டே சட்டைப் பையிலிருந்து விண்ணப்பத்தையும் பேனாவையும் எடுத்தாள். "சரி. அடி படாத மான் மூணு தடவை எப்படி விழுந்துச்சு? தடம் பாக்கறவன்தானே நீ, சொல்லு. சொன்னா இங்கேயே போடறேன் கையெழுத்து."

அப்னருக்குத் தெரியவில்லை. மண்ணைப் பார்த்தான், மண்ணும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது அந்தப் பெண் இலைக்கட்டோடு வந்து நின்றாள். அப்னர் துப்பாக்கியைக் கீழே வைத்தான். தொப்பியைக் கழற்றினான். கையெழுத்துதான் போய்விட்டது, மரியாதையாவது மிஞ்சட்டும் என்று, சற்றுமுன் விட்டுப்போன வணக்கத்தை ஆதியிலிருந்து ஆரம்பித்தான். அவள் பெயர் கவேசெரி. நன்றாக எழுந்தாள். வீட்டுக்காரரும் நன்றாக எழுந்தார். மாடுகள் சுகம், ஒன்று மட்டும் நொண்டுகிறது. மழை எங்கே பெய்கிறது. ரெனாட்டே ஊன்றுகோலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். மான் படுத்தபடியே வாயைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தது.

"சேதி என்னம்மா?" என்று அப்னர் முறைப்படி முடித்தான்.

"பெருசா ஒண்ணும் இல்லண்ணே," என்றாள் கவேசெரி, ஒரு கொப்பை உருவி மானின் வாயில் வைத்தபடி. "இவனைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். டமார்னு கேட்டா படுக்கணும், படுத்தா இலை கிடைக்கும்னு குட்டியிலேருந்து பழக்கி வெச்சிருக்கேன், ஒரு வாய் குடுத்தவங்களை நாள் பூரா விடாம சுத்துவான், காலையில உங்கள்ல யாரு குடுத்தது?"